யாரும் கை காட்டாத ஊற்று

காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஈரம்.

சாலையைத் தாங்கப் பள்ளத்துப் பக்கம் கட்டியிருந்த கல் சுவரில், என் இடுப்பு உயரத்தில், முறம் அளவுக்கு ஒரு கறுத்த திட்டு. சுற்றியிருந்த கற்கள் உலர்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. மலையில் ஒன்பது நாட்களாக மழை இல்லை. பனியின் ஈரமாக இருந்தால் சுவர் முழுக்கப் படிந்திருக்க வேண்டும். விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விரலை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு துளி திரண்டு கீழ்க்கல்லுக்கு இறங்கியது.

கைபேசியில் பழைய படங்களைத் தேடினேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரே பாறையில் நின்று, ஒரே கோணத்தில் அந்தச் சுவரைப் படம் எடுப்பது என் வேலை. அன்றும் செவ்வாய். நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு காலடி வரைந்து வைத்திருந்தேன். மூன்று வாரங்களுக்கு முந்தைய படத்தில் அதே இடத்தில் உள்ளங்கை அளவு கறுப்பு. அடுத்த வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவு. போன வாரம் அதைவிடச் சற்றுப் பெரிது. மூன்று படங்களையும் நானே எடுத்து, நானே தலைப்பிட்டு அனுப்பியிருந்தேன். ஈரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கள்ளக்குறிச்சியில் பல ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தேன். சாலை விபத்து, பேருந்து மறியல், மனு நாள். பிறகு இந்த வேலை கிடைத்தது. வெள்ளிமலையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் இரண்டு ஊர்களுக்குச் சாலை போட ஒரு பன்னாட்டு அமைப்பு உதவியது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பாறை உடைக்க மட்டும்தான் எந்திரம். மற்றதெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் கைவேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. முடிவில் ஊரில் சாலையும் இருக்க வேண்டும், சாலை போடத் தெரிந்த ஆட்களும் இருக்க வேண்டும் என்றார்கள். நடப்பதை எழுதுவது, படம் எடுப்பது, வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருபவர்களுக்கு மொழிபெயர்ப்பது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

கீழ் ஊர் வரை முதல் பகுதி முடிந்து ஜீப் ஓடத் தொடங்கியிருந்தது. ஓரக் கால்வாய் வேலை மட்டும் சில நாட்களுக்கு மிச்சம். மேல் ஊருக்குப் போகும் இரண்டாம் பகுதிக்கு அடுத்த வாரம் புதன்கிழமை அந்த அமைப்பின் பெண் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். தந்தால் மறுநாளே வேலை தொடங்கும்.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கொட்டிய மண்ணை இடித்து இறுக்குவதற்குத் திமிசு என்று ஒரு கனமான கட்டை உண்டு. எதிரெதிரே இரண்டு பிடி. ஒரு திமிசை ஒரே வீட்டு ஆட்கள்தான் பிடிப்பார்கள். யாரும் போட்ட விதியல்ல. முதல் நாளே அப்படி ஜோடியாக வந்து நின்றார்கள். மூச்சு ஒத்து வர வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் குழுத்தலைவிக்கு முப்பது வயது இருக்கும். அவருடைய திமிசின் மறுபிடி அவர் கணவர் கையில்.

"மாமா, தூங்கிக்கினே தூக்காத. மண்ணு சிரிக்குது" என்றார் குழுத்தலைவி.

"நீ தலைவி. உனுக்கு கட்ட கனக்காது. எனுக்கு கனக்குது."

"வூட்ல சோறு துன்னும்போது மட்டும் கை நல்லா தூக்குது."

மற்ற ஜோடிகள் சிரித்தார்கள். சற்றுத் தள்ளித் தனியாக உட்கார்ந்து சரளை உடைத்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தார். அவர் குழுத்தலைவியின் அண்ணி. திமிசு பிடிக்க அவருக்கு வீட்டில் ஆள் இல்லை. அவர் கணவர், அதாவது குழுத்தலைவியின் அண்ணன், ஆள் பிடிக்க மலைக்கு வரும் ஒருவரோடு ஆந்திரக் காட்டுக்குத் திருட்டுச் செம்மரம் வெட்டப் போனவர். போய் இரண்டு வருடம் ஆகிறது. சிறையில் இருப்பதாக ஒருவர் வந்து சொன்னார். எந்தச் சிறை என்று அவருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் குழுத்தலைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கைபேசியில் நான்கு படங்களையும் காட்டினேன். அவர் இரண்டாவது படத்துக்கு மேல் பார்க்கவில்லை.

"மழையே இல்லியே, இது எங்கேந்து வருது?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் வர்றதுதான் சார்."

"எப்பவும்னா?"

அவர் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "ஊத்து சார். ரோடு வர்றதுக்கு முன்னாடியே அங்கதான் இருக்குது. எங்க தாத்தா காலத்துலேந்து."

சர்வே நடந்தபோது நானும் இருந்தேன். கோடைக்காலம். சர்வேயர் இதே இடத்தில் ஊர்க்காரர்களை நிற்கவைத்து, தண்ணீர் கசியும் இடம் இருந்தால் கை காட்டுங்கள் என்று கேட்டார். யாரும் காட்டவில்லை. அவர் படிவத்தில் 'நீர்க்கசிவு இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"கை காட்டுங்கன்னு கேட்டாரு. ஊத்துக்கண்ண விரல் நீட்டிக் காட்டக் கூடாது சார். காட்டினா மறஞ்சிடும். அது அவருக்குத் தெரியும்னு நெனச்சோம்."

"வேலை செய்யும்போது?"

"மூடல சார். மூடுவமா? நாலு கல்லு நட்டு, மேல பெரிய பலகைக் கல்லு ஒண்ணு வெச்சோம். மஞ்சள் பூசி, கும்பிட்டுட்டுத்தான் மண்ணு கொட்டினோம். தண்ணி அது பாட்டுக்குப் போவும்னு நெனச்சோம்."

தண்ணீர் போக வழி வைக்காமல் முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் சுவரை எழுப்பியிருந்தோம். அவருக்கும் அது புரிந்திருந்தது. மூன்று வாரமாகப் புரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் படங்களில் பலர் அந்த இடத்தில் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டு மூன்று எட்டு வைத்ததும் மீண்டும் போட்டுக்கொள்வார்கள். புதுச் சரளை செருப்புக்குள் போகிறது என்று நினைத்தேன். 'புதிய சாலையில் நடக்கப் பழகும் மக்கள்' என்று ஒரு படத்துக்குத் தலைப்பும் கொடுத்திருந்தேன்.

"இதை நான் எழுதியாகணும்" என்றேன்.

"எழுதினா?"

"வேலைய நிறுத்திட்டு, சுவரைப் பிரிச்சுப் பாப்பாங்க."

"எத்தினி நாளு?"

தெரியாது என்றேன்.

குழுத்தலைவி தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். பாதையிலிருந்தே வேலி தெரியும். வேலிப் படலில் ஒரு நீலப் பயணப் பை காய்ந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களாக அங்கே தொங்குகிறது. துணி துவைக்கும் நாளல்லாத ஒரு நாளில் அவர் கணவர் தானே எடுத்துத் துவைத்த பை.

"ஆளு புடிக்கிற அந்தாளு கீழ டீக்கடையில ஒக்காந்துக்கினு இருக்கிறான் சார். வெள்ளிக்கெழமன்னா வண்டி வருது. எங்கூட்டுக்காரரு சொல்லிட்டாரு. புதங்கெழம அந்தம்மா சரின்னா, வியாழக்கெழம திமிசு தூக்குவேன்றாரு. இல்லன்னா வண்டி. எங்கண்ணனும் இப்பிடித்தான் பையத் தொவச்சிது."

நான் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"புதங்கெழம வரைக்கும் எழுதாதீங்க சார். ரெண்டாவது வேல தொடங்கட்டும். அப்பறம் நானே சொல்றேன். எம்மேல கூட எழுதுங்க."

எட்டு நாட்கள். சரி என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்றைய அறிக்கையில் கால்வாயைப் பற்றி மட்டும் எழுதினேன். தளப் பொறியாளரிடமும் சொல்லவில்லை. அவர் திருநாவலூர்ப் பக்கத்து இளைஞர், நல்ல வேலைக்காரர், கேள்விப்பட்டால் அந்த நிமிடமே நிறுத்தியிருப்பார். பயிற்சி நாளில் அவர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னது எனக்கு நினைவிருந்தது: "சுவத்துல தண்ணி தெளிவா வந்தா பாத்துக்கலாம். கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அப்ப கல்லப் பாக்காதீங்க, ஆளப் பாருங்க."

அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் சுவரடிக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். டம்ளரை வானத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். புதன் தெளிவு. வியாழன் தெளிவு. வெள்ளி தெளிவு.

ஒரு ஜீப் அந்தச் சுவரின் மேல் கடந்துபோக நான்கு நொடி ஆகிறது. சந்தை நாளில் ஆறு நொடி. உள்ளே பதினைந்து பேர், பின் படியில் நான்கு பேர், மேலே மூட்டைகள். ஜீப் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பாறைக்குப் போய் நின்று எண்ணினேன். நான் நின்று எண்ணுவதால் எதுவும் ஆகப்போவதில்லை என்று தெரியும். எண்ணாமல் இருக்க முடியவில்லை.  பின்சக்கரம் மறுபக்கம் இறங்கிய பிறகுதான் பாறையை விட்டு நகர்ந்தேன். வெள்ளிக்கிழமையன்று காலை இட்லியை அப்படியே மூடி வைத்தேன்.

ஜீப் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக் கத்தினார்: "இன்னா சார், ஜீப்பே பாத்ததில்லியா? தினமும் வாயத் தொறந்துக்கினு நிக்கிறீங்க! ஏறுங்க, ஓசியிலயே கூட்டிம்போறேன்!"

பின்படியில் தொங்கியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சுவரின் அடியில் ஓடைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. பெண்கள் குடத்தோடு அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். குழுத்தலைவியும் இறங்குவார். முன்பெல்லாம் பேசிக்கொண்டே போவார். அந்த வாரம் சுவருக்குக் கீழே வரும்போது பேச்சை நிறுத்தி, குடத்தை இடுப்பில் மாற்றி, வேகமாக நடந்தார். தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார். பாறை மேல் நான் நிற்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீலப் பை சனிக்கிழமையும் வேலியில் இருந்தது.

ஞாயிறு பிற்பகல் மழை பிடித்தது. பெருமழை அல்ல, விட்டு விட்டு, நிதானமாகப் பெய்தது. திங்கள் காலை திட்டு முறம் அளவிலிருந்து பாய் அளவுக்கு அகன்றிருந்தது. டம்ளரில் தெளிவு. செவ்வாய், தெளிவு. வரைந்து வைத்திருந்த காலடிகளில் நின்று படம் எடுத்தேன்.   சுவரின் நடுவில் ஒரு கல், மற்ற கற்களைவிட இரண்டு விரல் வெளியே வந்திருந்தது. போன செவ்வாய்ப் படத்தில் அது வரிசையில்தான் இருந்தது.

அன்று மாலை குழுத்தலைவியிடம் அந்தக் கல்லைச் சொன்னேன்.

"ஒரு ராத்திரி சார். நாளைக்குக் காலையில வந்துடுவாங்க" என்றார்.

புதன் காலை ஆறு மணிக்கு டம்ளரில் தெளிவு.

பத்து இருபதுக்குப் பெண் பொறியாளர் வந்தார். ஆசியாவின் வேறொரு மலை நாட்டுக்காரர். அறுபது வயதுக்குக் குறையாது. மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்சும் போட்டிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. குறை சொல்ல வந்தவர் மாதிரி இல்லை. கால்வாய்ச் சரிவை அளந்தார், சரளையைக் கையில் அள்ளிப் பார்த்தார், திமிசின் பிடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் ஊரிலும் இப்படித்தான், ஆனால் மூன்று பிடி என்றார். மொழிபெயர்த்தேன். குழுத்தலைவியின் கணவர், "மூணாவது பிடி மாமியாருக்கா?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். பொறியாளர் சத்தமாகச் சிரித்தார்.

தளப் பொறியாளர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் போயிருந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். சுவர் இருக்கும் இடம் வந்ததும் ஊர்க்காரர்கள் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். குழுத்தலைவியும் கழற்றினார். பழக்கம். அன்று மட்டும் கழற்றாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பெண் பொறியாளர் நின்றார். ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டார். தமிழில் கேட்டேன்.

எல்லாரும் குழுத்தலைவியின் பக்கம் திரும்பினார்கள். பிறகு குழுத்தலைவி சொன்னார்: "கல்லு சுடுது சார். அதான்."

அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பொறியாளர் என்னைப் பார்த்தார். தன் மழைக்கோட்டின் கையிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்தார். பிறகு ஓடைப் பாதையில் இறங்கிச் சுவருக்கு முன்னால் போனார். நான் மேலேயே நின்று எட்டிப் பார்த்தேன். கற்களின் இடுக்கிலிருந்து தண்ணீர் ஒரு விரல் தடிமனில் வந்துகொண்டிருந்தது. நிறம் டீயைப் போல இருந்தது. அவர் அதில் கையை நனைத்து, கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். மண் நறநறக்கிறதா என்று பார்க்கிறார்.

வளைவுக்கு அப்பால் ஜீப்பின் ஹாரன் கேட்டது. அன்று சந்தை நாள்.

சுவருக்கு அடியில் அவர். மேலே வருவது ஜீப். நான் சாலை நடுவில் ஓடி இரண்டு கையையும் தூக்கினேன். நிறுத்து என்று கத்தினேனா, வேறு ஏதாவது கத்தினேனா, நினைவில்லை. ஜீப் சரளையில் சறுக்கி எனக்கு ஆறு அடி முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றார்.

"எல்லாரும் எறங்குங்க. உள்ள தண்ணி போவுது. ஊத்து இருக்குது, தோ, இங்க!"

விரலை நீட்டிக் காட்டினேன். சாலையில் அவர்கள் செருப்பைக் கழற்றும் அந்த இடத்தை நேராகச் சுட்டிக் காட்டினேன். நீட்டிய பிறகுதான் விரலைப் பார்த்தேன். குழுத்தலைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து செவ்வாய்க்கிழமைப் படங்களையும் காட்டினேன். பெண் பொறியாளர் அவற்றை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். எந்தத் தேதியில் எனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். தளப் பொறியாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். பதினோரு மணிக்குச் சாலையின் இரு பக்கமும் முள் வெட்டிப் போட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். ஓடைப் பாதையையும் மூடினார்கள். சுவரை ஆராய்ந்து முடிக்கும்வரை எந்த வேலையும் இல்லை, இரண்டாம் பகுதியும் அதற்குப் பிறகுதான் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதை ஊர்க்காரர்களுக்கு நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் குழுத்தலைவி என்னிடம் வந்தார்.

"கை நீட்டாம சொல்லியிருக்கலாம் சார்" என்றார். 

வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு, கீழே டீக்கடையில் அவர் கணவரைப் பார்த்தேன். நீலப் பை மடியில் இருந்தது. ஆள் பிடிப்பவர் எதிரே உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து தன் மோட்டார் சைக்கிள் அருகே போய் நின்றார்.

"இன்னா சார், போட்டோ எடுக்க வந்தீங்களா?" என்றார் கணவர்.

"பத்து நாள் பொறுங்க. வேலை கட்டாயம் தொடங்கும்."

"பத்து நாளுன்னா எத்தினி நாளு சார்? நீங்க பேப்பர்ல இருந்தவரு. உங்களுக்குத் தெரியாதா?"

"மச்சான் கதை உங்களுக்குத் தெரியும்ல?"

"அதான். அவரத் தேடிப் பாத்துட்டு வர்றேன்னு வூட்ல சொல்லிட்டு வந்திருக்கிறேன்." கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "கோவம்லாம் இல்ல சார். ஜீப்புல எங்க சித்தியும் இருந்துச்சு."

நான்கரைக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள், அவர் பையோடு ஏறி எட்டாவதாக உட்கார்ந்தார். எண்ணினேன்.

மறுநாள் காலை ஏழு பதினைந்துக்குச் சுவர் சரிந்தது. நான் பாறையில், வெள்ளைக் காலடிகளில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே துருத்திய அந்தக் கல் முதலில் போனது. பிறகு நடுப்பகுதி மொத்தமும் ஓடைப் பாதையின் மேல் விழுந்தது. சத்தம் அடங்க நான்கு நொடிகூட ஆகவில்லை. சாலையில் பாதியைக் காணவில்லை. சாலையில் யாரும் இல்லை. பாதையிலும் யாரும் இல்லை. உடைந்த மண்ணுக்குள் நான்கு கற்களும் மேலே பலகைக் கல்லும் வைத்தபடியே நின்றன. பலகைக் கல்லில் மஞ்சள் இருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

சாலையை மூடியதிலிருந்து இருபத்தாறாம் நாள் வேலை மறுபடியும் தொடங்கியது. ஊற்று வெளியே போக ஒரு சிறு பாலம் முதலில், பிறகு சுவர், பிறகு மேல் ஊர்ச் சாலை. இரண்டாம் பகுதிக்கும் அனுமதி வந்திருந்தது. என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இனிமேல் அறிக்கையோடு படங்களைத் தளப் பொறியாளரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது.

முதல் திமிசு விழுந்தபோது மணி எட்டு ஐந்து. ஒரு பிடியைக் குழுத்தலைவி பிடித்திருந்தார். மறுபிடியை அவருடைய அண்ணி பிடித்திருந்தார்.